கடுவெலக் குளத்துக்கு எந்த மீன்? ஸ்டர்ஜன் ஆசையும் கொடுவா முடிவும்

போன மாதம் இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் ஒரு படம் அனுப்பினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் ஒரு மீனைத் தாங்கிப் பிடித்திருந்தான். முதுகு நெடுக எலும்புத் தகடுகள், நீண்ட கூர்மூக்கு, மூக்குக்குக் கீழே நாலு மீசை. ஸ்டர்ஜன். படத்தோடு ஒரு குரல் பதிவும் வந்தது: "மச்சான், இதை உங்கட குளத்தில விட்டுப் பாருங்கோ, கொழும்புச் சனம் முழுக்க அங்கதான் நிக்கும்."

அவன் சொன்ன குளம் கடுவெலப் பக்கம், களனி ஆற்றிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் செங்கல்லுக்குக் களிமண் தோண்டிய பள்ளம். இரண்டு ஏக்கர், சராசரியாக இரண்டு மீற்றர் ஆழம். வெள்ளவத்தையில் ரயில் பாதைக்கு அப்பால் உள்ள பாறைகளில் தூண்டில் போட்டு வளர்ந்த நாங்கள் நாலு பேர் அதைக் குத்தகைக்கு எடுத்து, காசு கட்டி மீன் பிடிக்கிற குளமாக்க நினைத்திருக்கிறோம். பிள்ளைகளோடு வருகிறவர்கள் ஒரு காலைப்பொழுது இருந்து பிடிக்கலாம். பெரிய மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும். எந்த மீனை விடுவது என்பதில்தான் இரண்டு மாதமாக வாதம். இதே யோசனையோடு கொழும்பைச் சுற்றிப் பள்ளமோ குளமோ வைத்திருக்கும் வேறு ஆட்களும் இருப்பார்கள் என்பதால் நாங்கள் பேசியதை எழுதி வைக்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டர்ஜன் வேண்டாம். அன்றாட மீனாக ரோகுவும் கட்லாவும், ஆட்களை இழுக்கும் மீனாகக் கொடுவா. விரால் தானாக வரும், வந்தால் இருக்கட்டும்.

ஸ்டர்ஜன் ஆசையை நான் குறைத்துப் பேச மாட்டேன். டைனோசர் காலத்திலிருந்து உருவம் பெரிதாக மாறாமல் வந்த குடும்பம் அது. வளர்ந்த ஸ்டர்ஜனுக்குப் பல் கிடையாது. மீசையால் அடிமண்ணைத் தடவி, குழாய் போல வாயை நீட்டி இரையை உறிஞ்சி எடுக்கும். கஸ்பியன் கடலின் பெலூகா என்ற ஸ்டர்ஜன் ஆயிரம் கிலோவையும் தாண்டியிருக்கிறது. கனடாவில் பிரேசர் ஆற்றில் வெள்ளை ஸ்டர்ஜனைத் தூண்டிலில் பிடித்து, தண்ணீரை விட்டு வெளியே தூக்காமலே அவிழ்த்து விடுகிறார்கள். அதற்காகவே விமானம் ஏறிப் போகிற ஆட்கள் உண்டு. அப்படி ஒரு மீன் கடுவெலயில் இருந்தால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஆனால் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது. சந்தேகம் இருக்கக் கூடாது என்று ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து அளந்தேன். விடியற்காலை ஐந்தரைக்கு மேல்மட்டத்தில் 28 பாகை செல்சியஸ். பிற்பகல் மூன்று மணிக்கு 32. கயிற்றில் கட்டி அடிக்கு இறக்கிய வெப்பமானி 28க்குக் கீழே போகவே இல்லை. பண்ணைகளில் அதிகம் வளர்க்கும் சைபீரிய ஸ்டர்ஜனுக்கு 20 பாகையை ஒட்டிய தண்ணீர்தான் சுகம். 25ஐத் தாண்டினால் இரை எடுப்பது குறைந்து நோய் பிடிக்கத் தொடங்கும். அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பக்கம் சூட்டைத் தாங்கும் ஓர் இனம் இருக்கிறது. அதுவும் கோடை மாதங்களில் ஆற்றின் ஆழமான இடங்களில் ஒதுங்கி ஏறக்குறைய பட்டினி கிடந்துதான் பிழைக்கிறது. எங்களுக்கோ வருடம் பன்னிரண்டு மாதமும் கோடைதான்.

சூட்டோடு ஒட்சிசனும் சேர்ந்து வருகிறது. 15 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஒட்சிசனைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் அது 7.5க்கு இறங்கிவிடும். இது பாசி, சேறு எதுவும் இல்லாத தண்ணீருக்கான கணக்கு. களிமண் குளத்தில் பாசி பகலில் ஒட்சிசனை விடும், இரவில் அதுவே எடுக்கும். அதனால் விடியுமுன் மணி நாலு ஐந்துக்குத்தான் மீன் திணறும். சில வருடங்களுக்கு முன் தெரிந்தவர் ஒருவரின் குளத்தில் அதை நேரே பார்த்தேன். கெண்டை மீன்கள் நூற்றுக்கணக்கில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றன. சத்தம் கேட்டது, மெல்லிய சப் சப் என்று. ஏழு மணிக்குள் பாதி மிதந்தது. கெண்டைக்கே இந்த நிலை என்றால், குளிர்ந்து ஓடுகிற தண்ணீருக்குப் பழகிய ஸ்டர்ஜனை நினைத்துப் பாருங்கள்.

"குளிரூட்டினால் என்ன?" என்று எங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், கணக்குப் போட்டோம். இரண்டு ஏக்கர், இரண்டு மீற்றர் ஆழம் என்றால் ஏறத்தாழ 16,000 கன மீற்றர் தண்ணீர். ஒரு கன மீற்றரை ஒரு பாகை குறைக்க 1.16 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். பத்துப் பாகை குறைக்க 1,86,000 யூனிட். நல்ல குளிரூட்டும் இயந்திரம் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு நாலு யூனிட் வெப்பத்தைத் தள்ளும் என்று வைத்தாலும் 46,000 யூனிட்டுக்கு மேல் போகிறது. மாதம் 100 யூனிட் எரிக்கிற வீட்டுக்கு அது 38 வருட மின்சாரம். அதுவும் ஒரு தடவை குளிர வைக்க மட்டும். அடுத்த நாள் வெயில் ஏறினால் மறுபடி தொடங்க வேண்டும். அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன், மச்சான் வரும்போது காட்ட.

வெப்ப நாடுகளில் ஸ்டர்ஜன் வளர்ப்பதே இல்லை என்று சொல்லவில்லை. தாய்லாந்தில் டொய் இந்தனோன் மலையில் அரச திட்டத்தின் கீழ் வளர்க்கிறார்கள். வியட்நாமில் சா பா, டா லாட் மலைப்பகுதிகளிலும் உண்டு. எல்லாமே உயரத்தில், குளிர்ந்த ஓடைத் தண்ணீரை நம்பி, பெரும்பாலும் தொட்டிகளில். நம் நாட்டில் அதற்கு ஒத்த இடம் நுவரெலியாதான். அங்கே வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் டிரவுட் மீனைக் கொண்டு வந்து விட்டார்கள். ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் அதன் வம்சம் இன்னும் இருக்கிறது. குளிர் நீர் மீன் பிடிக்கும் ஆசை இருப்பவர் கொழும்பில் குளம் தேடாமல் பதுளை ரயிலில் ஏறி நானுஓயாவில் இறங்கலாம்.

சட்டப் பக்கமும் இலேசானது இல்லை. ஸ்டர்ஜன் இனங்கள் எல்லாமே 1998இலிருந்து, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக அதற்கான பத்திரம் வேண்டும். இங்கே உயிர் மீன் இறக்க மீன்பிடித் திணைக்களத்தின் அனுமதி, விலங்குத் தனிமைப்படுத்தல் சோதனை என்று வேறு வரிசை. இங்கிலாந்தில்கூட அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஏரியில் ஸ்டர்ஜன் விட முடியாது. இதைச் சொன்னபோது மச்சானே கொஞ்சம் அமைதியாகிவிட்டான்.

எனக்கு உள்ளே உறுத்துவது வேறு. 2022இல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மறுபடி மதிப்பிட்டபோது, உலகில் மிஞ்சியிருக்கும் 26 ஸ்டர்ஜன், அதன் உறவான துடுப்பு மீன் இனங்களும் அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்தது. சீனாவின் துடுப்பு மீன் அற்றே போய்விட்டது. பெலூகாப் பெண் மீன் முட்டை போடும் பருவத்துக்கு வரப் பதினைந்து வருடத்துக்கு மேல் எடுக்கும். முட்டைக்காகக் கொன்றும் அணை கட்டி வழியை மறித்தும் இந்த நிலைக்குக் கொண்டு வந்திருக்கிறோம். அப்படிப்பட்ட ஒரு மீனைச் சூட்டுத் தண்ணீரில் இறக்கி, மூன்று மாதம் படம் எடுத்துவிட்டுப் புதைக்க எனக்கு மனம் வராது.

சரி, பெரிய மீன்தான் வேண்டும் என்றால் சூட்டு நாட்டுப் பெரிய மீன்களை விடலாமே என்று அடுத்த யோசனை வந்தது. பாங்கொக்கில் புங்சம்ரான் குளத்தில் மீகொங் ராட்சதக் கெளுத்தியைத் தூண்டிலில் பிடிக்கிறார்கள். தாய்லாந்தின் வேறு குளங்களில் அமேசனின் அரபைமாவும் உண்டு. இந்த மீன்கள் கொழும்புத் தண்ணீரில் சாகாது. எனக்குப் பயமே அதனால்தான்.

2016 மே மாத வெள்ளம் எங்கள் பள்ளத்தையும் களனியையும் ஒன்றாக்கியது. காவலாளி வீட்டுச் சுவரில் அந்தத் தண்ணீர் நின்ற கோடு இன்னும் தெரிகிறது, என் நெஞ்சு உயரத்தில். அடுத்த வருடமும் வெள்ளம் வந்தது. களனிக் கரையில் குளம் வைத்திருப்பவர் என்றாவது ஒரு நாள் தன் மீன் ஆற்றில் போய்ச் சேரும் என்று நினைத்தே மீனைத் தெரிவு செய்ய வேண்டும். எந்த மீன் நன்றாக இழுக்கும், எது படத்துக்கு அழகு என்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த ஓர் இரவில் வெளியே போனால் ஆற்றுக்கு என்ன நடக்கும் என்று ஒவ்வொரு மீனையும் கேட்டுப் பார்த்தால் பாதிப் பட்டியல் அழிந்துவிடும்.

கண் முன்னாலேயே சாட்சி இருக்கிறது. அலங்கார மீன் தொட்டிக்காக வந்த நைஃப் மீன், யாரோ வளர்க்க முடியாமல் வாய்க்காலில் விட்டதால், இன்று பொல்கொடை வாவியிலும் தியவன்னாவிலும் சாதாரணமாகத் தூண்டிலில் ஏறுகிறது. வீட்டுத் தொட்டியில் கண்ணாடியை நக்கிக்கொண்டிருந்த டேங்க் கிளீனரும் அப்படித்தான். வலை போடுகிறவர்கள் அதை அறுத்து எடுக்கவே அரை மணி நேரம் செலவழிக்கிறார்கள், முள் அப்படிச் சிக்குகிறது. இந்தத் தீவின் சொந்த நன்னீர் மீன்களில் பாதிக்கும் மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அவற்றில் பல இதே ஈர வலயத்துச் சின்ன ஓடைகளில்தான் இருக்கின்றன, விரல் நீளம்கூட இருக்காது. அரபைமாவோ வேறு நாட்டு இரைகொல்லியோ எங்கள் கையால் அங்கே போகக் கூடாது. ஸ்டர்ஜனாவது ஆற்றுக்குப் போனால் தானே செத்துவிடும். இவை சாகாது, பெருகும். எவ்வளவு காசு தருவதாகச் சொன்னாலும் வேண்டாம் என்பதில் நாங்கள் நாலு பேரும் ஒரே சொல்.

திலாப்பியாவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அதுவும் வெளிநாட்டு மீன்தான். 1950களின் தொடக்கத்தில் வந்து எங்கள் குளத்து மீன்பிடிக்கே முதுகெலும்பானது. நாங்கள் விட்டாலும் விடாவிட்டாலும் பள்ளத்தில் இருக்கிறது. தாய் முட்டையை வாயில் வைத்துப் பொரிக்கும் மீன் என்பதால் பெருக்கத்தை நிறுத்த முடியாது, நெரிசலில் எல்லாம் உள்ளங்கை அளவோடு நின்றுவிடும். முதன்முதலாகத் தூண்டில் பிடிக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதைவிட நல்ல மீன் இல்லை. ஆனால் அதற்காக யாரும் கொழும்பிலிருந்து பெற்றோல் செலவழித்து வர மாட்டார்கள்.

ரோகு, கட்லா விடயம் வேறு. இந்திய மீன்கள். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை, அதாவது எல்லாரும் நக்டா என்கிறார்களே அதுதான், பல வருடமாகக் குஞ்சு பொரித்து உலர் வலயக் குளங்களில் விடுகிறது. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுத் தண்ணீரில். மிரிகாலையும் சேர்த்தால் அது அடியில். ஒரே குளத்தை மூன்று மாடி வீடு போலப் பங்கு போட்டுக்கொள்ளும். நிற்கிற தண்ணீரில் இவை பொதுவாக இனம் பெருக்குவதில்லை, பண்ணையில் ஊசி போட்டுத்தான் முட்டை எடுக்கிறார்கள். அதனால் நாங்கள் விட்ட எண்ணிக்கைதான் குளத்தில் இருக்கும், கணக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளத்தில் ஒரு பங்கு போனாலும் நைஃப் மீன் கதை ஆகாது.

தூண்டிலுக்கும் குறை இல்லை. பாணைத் தவிட்டோடும் கொஞ்சம் பிண்ணாக்கோடும் பிசைந்து பாக்கு அளவில் உருட்டிப் போட்டால் போதும். இரண்டு கிலோ ரோகு பாயாது, துள்ளாது, ஆனால் நேரே நடுக்குளத்துக்கு இழுத்துக்கொண்டு போகும் பாருங்கள், அப்போது நைலோன் கம்பி போலப் பாடும். வீட்டுக்கு எடுத்துப் போகவும் ஏற்ற மீன். முள் அதிகம் என்பார்கள், நெருக்கமாகக் கீறிப் பொரித்தால் தெரியாது. குளம் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ள இந்த மீன் வேண்டும்.

விரால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த மீன். நம் மண்ணின் மீன். காற்றையே மூச்சாக எடுக்கும் என்பதால், மற்றதெல்லாம் திணறுகிற விடியற்காலையிலும் அதற்குக் கவலை இல்லை. மழை இரவில் ஈரப் புல்லில் ஊர்ந்து கட்டைத் தாண்டி வேறு பள்ளத்துக்குப் போய்விடும். ரப்பர்த் தவளையை அல்லி இலை மேல் எறிந்து, மெதுவாக இழுத்துத் தண்ணீரில் விழுத்தும்போது அடிக்கிற அந்த அடிக்கு வேறு மீன் ஈடாகாது. ஆனால் விராலை நம்பித் தொழில் நடத்த முடியாது. ஒன்றையொன்று தின்னும், குளத்தில் எத்தனை மிஞ்சியிருக்கிறது என்று தெரியாது, வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேர் வெறுங்கையோடு போவார்கள். ஒரு விதி மட்டும் கட்டாயம் வைக்கப் போகிறோம். செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் மேலே கொப்பளித்துக்கொண்டு வந்தால் அதன் மேல் யாரும் தூண்டில் எறியக் கூடாது. அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், கோபத்தில் எதையும் அடிக்கும். அவற்றைத் தூக்கிவிட்டால் அரை மணி நேரத்தில் அத்தனை குஞ்சும் வேறு மீன் வயிற்றில்.

இனிக் கொடுவா. சிங்களத்தில் மோதா. பொல்கொடை வாவியில் இரவுத் தூண்டில் போடுகிறவர்கள் பெருமூச்சோடு பேசுகிற மீன் இதுதான். நான் முதன்முதலாகப் பிடித்தபோது டோர்ச் வெளிச்சத்தில் அதன் கண் தணல் போலச் சிவந்து தெரிந்தது. இரண்டு தடவை முழு உடம்போடு தண்ணீருக்கு மேலே எழும்பித் தலையை உதறியது, தூண்டில் கழன்றுவிடும் என்று கை நடுங்கியது. கரைக்கு வந்த பிறகு செவுள் மூடியில் விரலைக் கொடுத்துத் தூக்கப் போனேன். அதன் ஓரம் சவர அலகு மாதிரி. சுண்டுவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

எங்கள் குளத்துக்கு இந்த மீன் பொருந்துவதைப் பாருங்கள். 26 முதல் 30 பாகைச் சூடுதான் அதற்குப் பிடித்தமானது. கடல் முகத்துவாரத்தில் பிறந்து நன்னீருக்கு ஏறி வளரும் பழக்கம் உள்ளதால், உப்பைப் படிப்படியாகக் குறைத்துப் பழக்கினால் நன்னீர்க் குளத்திலேயே வளரும். ஆனால் முட்டை போட உப்பு நீர் வேண்டும், ஆகவே குளத்தில் பெருகாது. வெள்ளத்தில் களனிக்குப் போனால் தன் ஊருக்கே போகிறது. அந்த இரவுக் கேள்விக்கு இவ்வளவு சுத்தமாகப் பதில் சொல்லும் பெரிய மீன் வேறு இல்லை. இரையும் குளத்திலேயே இருக்கிறது. அளவில்லாமல் பெருகும் திலாப்பியாக் குஞ்சை அது தின்னும், மிஞ்சும் திலாப்பியா நெரிசல் குறைந்து பெரிதாகும். தென்கிழக்கு ஆசியாவில் இந்த இரண்டையும் ஒரே குளத்தில் வளர்ப்பது பழைய முறை. நல்ல தீனி கிடைத்தால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் 3 கிலோவரை வரும்.

செலவு இல்லாத மீன் என்று ஏமாற்ற மாட்டேன். குஞ்சு ரோகுவைப் போல நினைத்த நேரம் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். சின்ன வயதில் தன்னில் பாதி அளவுள்ள தம்பியையே விழுங்கும், அதனால் அளவு பிரித்து வளர்த்துத்தான் குளத்தில் இறக்க வேண்டும். விராலைப் போல ஒட்சிசன் இல்லாமல் பிழைக்கத் தெரியாது. இறால் பண்ணைகளில் தண்ணீரை அடித்துக் கலக்குகிற சக்கரம் இரண்டாவது வேண்டும், இரவு இரண்டு மணியிலிருந்து விடியும்வரை ஓட. மின்சாரம் போனால் ஓட்ட ஒரு டீசல் இயந்திரமும் வேண்டும். பெருகாத மீன் என்பதால் வருடா வருடம் புதிதாக வாங்க வேண்டும். இவ்வளவையும் கூட்டினாலும் ஸ்டர்ஜனுக்கான குளிரூட்டும் காசில் தூசு.

இறக்கும் ஒழுங்கில் தவறினால் எல்லாம் வீண். ரோகுவும் கட்லாவும் முதலில், அதுவும் கையளவு வளர்ந்தவையாக. விரல் நீளக் குஞ்சாக விட்டால் கொடுவாவுக்குச் சாப்பாடு போட்டதாக முடியும். அவை ஆறு மாதம் வளர்ந்த பிறகு கொடுவா. பிடிக்கிற நேரம் காலை ஆறு முதல் பத்து, மாலை நாலு முதல் இருட்டும்வரை. உச்சி வெயிலில் போராடிக் களைத்த மீன், விட்ட பிறகும் பிழைப்பது கடினம். தூண்டிலின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவோம். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும், காய்ந்த கையால் பிடித்தால் வழுவழுப்பு உரிந்து அந்த இடத்தில் பூஞ்சணம் பிடிக்கும். கொடுவாவைக் கைவலையோடு தண்ணீரிலேயே வைத்துத்தான் படம்.

நக்டாவில் வளர்ப்பு அனுமதிப்பத்திரத்துக்கான விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறோம். உங்கள் நிலம் பழைய வயல் என்றால் முதலில் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குப் போங்கள், வயலைத் தோண்டிக் குளமாக்க அவர்களின் அனுமதி வேண்டும். எங்களுடையது ஏற்கெனவே பள்ளம் என்பதால் அந்த அலைச்சல் இல்லை.

மச்சானுக்குப் பதில் அனுப்பிவிட்டேன். டிசம்பரில் வருகிறானாம், கொடுவா பிடிக்க. இந்த டிசம்பரில் குளத்தில் கொடுவா இருக்காது, பொல்கொடைக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். கட்டை 2016 கோட்டுக்கு மேலே இரண்டு அடி உயர்த்தி, வடிகால் வாயில் கம்பி வலை அடிக்காமல் ஒரு குஞ்சுகூட இறக்குவதில்லை என்று முடிவெடுத்திருக்கிறோம். மண் வேலைக்கு ஆட்கள் திங்கட்கிழமை வருகிறார்கள்.